நாளான்னிக்கு டாக்டரின் அவசரம்

பீர்க்கன்கரணையில் இத்தனை பேரைக் கோபப்படுத்தி, இத்தனை பேரைக் குணப்படுத்திய மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது. எங்கள் தெரு அவருக்கு வைத்த பெயர் 'நாளான்னிக்கு டாக்டர்'. சளி, இருமல் என்று யார் போனாலும் தொண்டை, காது, நெஞ்சு எல்லாவற்றையும் சாவகாசமாகப் பார்ப்பார். "இது வைரஸ், தானா போயிடும். வெந்நீர் குடிங்க, ரெஸ்ட் எடுங்க. குறையலேன்னா நாளான்னிக்கு வாங்க" என்பார். ஆன்டிபயாடிக் எழுதச் சொன்னால், அவர் வீட்டையே எழுதித் தரச் சொன்னதுபோல் முறைப்பார்.

நாங்கள் விடுவோமா? மாத்திரையின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டே போவோம். எதிர்வீட்டு பேங்க் மேனேஜர் ஒருமுறை, "டாக்டர், சளி பச்சையா வருது" என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"அது என்ன சிக்னலா சார், பச்சை விழுந்ததும் நான் கிளம்பறதுக்கு?"

ஆட்டோ ஓட்டும் குமார் வந்தால் கிளினிக்கே அதிரும். "இன்னா டாக்டரு, தொண்ட புண்ணா கீது, ஒரு ஊசி போட்டா இன்னா?"

"போன தடவை நெஜமாவே தேவைன்னு எழுதிக் கொடுத்தேனே, முழுசா சாப்பிட்டியா?"

"பாதிலயே சரியாப்பூட்ச்சு. மீதிய மச்சான் போட்டுக்கினான். அவனுக்கும் காச்சலு."

டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "உன் சட்டைய அவன் போடலாம், மாத்திரைய போடலாமா? இப்படி ஆளாளுக்கு முழுங்கினா கிருமிக்கு மருந்து பழகிடும்பா. உயிர் போற அன்னிக்கு அது வேலை செய்யாது!"

"செம பேஜாரு சார் இந்தாளு" என்று புலம்பிக்கொண்டே போன குமார், தொண்டை சரியானதும் அதே கிளினிக்குக்கு நோயாளிகளை ஓசியில் ஏற்றிவர ஆரம்பித்தது தனிக்கதை.

இப்படித் தெருவையே பழக்கி வைத்திருந்தார். அதில்தான் வந்தது வினை. போன மழைக்காலத்தில் என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல். டாக்டரிடம் போகலாம் என்றால் நகர மாட்டேன் என்கிறாள்.

"எதுக்குங்க? போனா நாளான்னிக்கு வாங்கன்னுதான் சொல்லுவார். பேசாம நாளான்னிக்கே போய்க்கலாம்."

காலையில் பால் வாங்கப் போன இடத்தில், வாக்கிங் வந்த டாக்டரிடம் இந்தப் பெருமையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "குளிர் நடுக்கம் இருக்கா? விலாப்பக்கம் வலி? யூரின் போறப்போ எரிச்சல்?"

"மூணுமே இருக்கு டாக்டர்."

அவ்வளவுதான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். "யோவ், நான் பார்த்துட்டு காத்திருக்கச் சொல்றேன். நீங்க பார்க்காமலே காத்திருக்கீங்களே!"

ஸ்டெல்லாவைப் பரிசோதித்தார். சிறுநீரகத்தில் கிருமி ஏறியிருக்கிறது என்றார். எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்டார். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் கல்ச்சர் டெஸ்டுக்குச் சிறுநீர் எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு மளமளவென்று ஆன்டிபயாடிக் எழுதினார். "முதல் மாத்திரை இப்பவே. வாந்தி, தலைசுத்தல்னா உடனே போன் பண்ணணும், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நாளான்னிக்கு வாங்க, ரிசல்ட் பார்த்து மருந்தை மாத்தணுமான்னு முடிவு பண்ணலாம்."

மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது அவரு கையெழுத்துதானா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே அவசரப்படுகிறார் என்றால் என்ன அர்த்தம்? மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் விடிந்ததும் கேட் சத்தம். டாக்டர். ஸ்டெல்லாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இறங்கியிருந்தது. "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"நாளைக்குத்தானே டாக்டர் வரச் சொன்னீங்க?" என்றாள் ஸ்டெல்லா.

"சும்மா, வாக்கிங் போற வழியில…" என்றார்.

அவர் வாக்கிங் போகும் ஏரிக்கரை எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. ஊரையே காத்திருக்கச் சொன்ன மனுஷனுக்கு, எங்களுக்காக ஒரு நாள்கூடப் பொறுக்க முடியவில்லை.