ப்ராசஸர் எங்கள் வீடு, மதர்போர்டு உங்கள் வீடு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் என் முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே தாங்கள், சம்பந்தியம்மா, தையற்கடை, கடையில் மெஷின் மிதிப்பவர்கள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். ஒரே ஊரில், ஒரு பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருந்துகொண்டு இந்த மனிதர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். நேரில் வந்தால் நீங்கள் என்னை உட்காரச் சொல்வீர்கள், நான் உங்களை உட்காரச் சொல்வேன், இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். போனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதைப் பின்னால் சொல்கிறேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதில் எங்காவது மரியாதை குறைந்து தெரிந்தால் அதற்கு என் இரத்தக் கொதிப்பைப் பொறுப்பாக்கி என்னை விட்டுவிடவும்.

நடந்தது எல்லாம் தங்களுக்கும் தெரியும். ஆனாலும் யார் மேல் தப்பு என்று இரண்டு வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருப்பதால் முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன். என் மகள், அதாவது தங்கள் மருமகள், கட்டடங்களுக்குப் பிளான் வரைகிறவள். கல்யாணத்துக்காகப் பழைய வேலையை விட்டவளுக்கு இத்தனை நாள் அலைந்தபின் ஒரு கம்பெனி வீட்டிலிருந்தே வரைந்து தரும் வேலை கொடுத்தது. வருகிற திங்கட்கிழமை ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்து வீட்டுக் கம்ப்யூட்டர் கருகின வாசனையோடு கண்ணை மூடிவிட்டது. காதில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு வந்த மெக்கானிக் அதைத் திறந்து பார்த்துவிட்டு, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, மூளை மாதிரியான ப்ராசஸரும் அது உட்காரும் பலகையான மதர்போர்டும் மட்டும் புதிதாக வேண்டும் என்றார். அன்றைக்கு நாம் இரண்டு குடும்பமும் அங்கேதான் இருந்தோம். அவர் வாயை மூடுவதற்குள் நான் எழுந்து நான் வாங்கித் தருகிறேன் என்றேன். நீங்களும் எழுந்து அதையே சொன்னீர்கள். பெண் வீட்டார் பெரிய மனது காட்டிவிட்டார்கள் என்றோ மாப்பிள்ளை வீட்டார் காட்டிவிட்டார்கள் என்றோ பேச்சு வரக் கூடாது என்பதற்காக, ப்ராசஸர் எங்கள் வீடு, மதர்போர்டு உங்கள் வீடு என்று பிரித்துக்கொண்டோம். என்ன ஒரு நியாயமான ஏற்பாடு என்று அன்றைக்கு நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டதை நினைத்தால் இப்போது எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

மெக்கானிக் அன்றைக்கே தெளிவாகச் சொன்னார். ப்ராசஸர் செய்வது இரண்டு கம்பெனிகள், எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், ஆனால் ஒன்றின் ப்ராசஸர் மற்றதற்கான போர்டில் உட்காராது, அதனால் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு வாங்குங்கள் என்றார். எங்கே பேசுவது? நீங்கள் எந்த வகை வாங்கப் போகிறீர்கள் என்று நான் கேட்டால், உசத்தியா மட்டமா என்று வேவு பார்க்கிறான் என்று ஆகாதா? ஆனாலும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு நாள் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் என் முழங்காலை விசாரித்தீர்கள். நான் உங்கள் கண் ஆபரேஷனை விசாரித்தேன். மழையைப் பற்றிப் பேசினோம். அப்புறம் நீங்கள் வேறென்ன என்றீர்கள், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று நான் சொன்னேன், இல்லை நீங்கள்தான் என்று நீங்கள் சொன்னீர்கள், வைத்துவிட்டோம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் ஒரு கம்பெனியின் ப்ராசஸரை வாங்கினேன், நீங்கள் மற்றதற்கான போர்டை வாங்கினீர்கள். மகள் வீட்டு மேஜையில் இரண்டையும் பிரித்து வைத்ததும் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். என் ப்ராசஸரின் அடியில் மயிரிழை போல ஊசிகள். உங்கள் போர்டிலோ, அது போய் உட்கார வேண்டிய இடத்தில் ஓட்டைகளுக்குப் பதிலாக அங்கேயும் ஊசிகள். ஊசிமேல் ஊசியை எப்படிப் பொருத்துவது? நான் சற்று அழுத்திப் பார்க்கலாமே என்று கையைக் கொண்டுபோனேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சம்பந்தி, நான் நட்டும் போல்ட்டும் செய்யும் தொழிற்சாலையில், இது அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்து முத்திரை போட்டே ஓய்வு பெற்றவன். நீங்கள் அளவெடுக்காமல் துணியில் கத்தரிக்கோலை வைக்காதவர். நம் இரண்டு பேருக்கும் இப்படி ஒரு தலைகுனிவு வரலாமா? வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிப் புலம்பியபோது என் வீட்டுக்காரி, “ஃபேக்டரில நட்டு யார் வீட்லேர்ந்து வந்துச்சு, போல்ட்டு யார் வீட்லேர்ந்து வந்துச்சுன்னு யாரும் பாக்கலியே” என்றாள்.

சரி, சம்பந்தி ஆசையாக வாங்கிய போர்டு, அதை மாற்றச் சொல்வது அழகல்ல, நாமே விட்டுக்கொடுத்துப் போவோம் என்று மறுநாள் காலையில் நான் கடைக்குப் போய் என் ப்ராசஸரைக் கொடுத்துவிட்டு உங்கள் போர்டுக்கு ஏற்ற ப்ராசஸரை வாங்கினேன். சம்பந்திக்குத் தெரிந்தால் சங்கடப்படுவார், சொல்லிவிடாதீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். மத்தியானம் நீங்கள் அதே கடைக்குப் போய் உங்கள் போர்டைக் கொடுத்துவிட்டு என் பழைய ப்ராசஸருக்கு ஏற்ற போர்டை வாங்கி, சம்பந்திக்குத் தெரியக் கூடாது என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். அந்த மகாராஜன் இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டார். மறுபடி மேஜை, மறுபடி மெக்கானிக். இந்த முறை என் ப்ராசஸர் அடியில் வழவழவென்று இருந்தது, உங்கள் போர்டில் வெறும் ஓட்டைகள். போன தடவை இரண்டிலும் ஊசி, இந்தத் தடவை இரண்டிலும் இல்லை. மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து பால்கனிக்குப் போனதை நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள், இரண்டு பேரும் பார்க்காதது போல் இருந்தோம்.

இனிமேல் மாமா எதையும் தொட வேண்டாம், அப்பா மட்டும் மாற்றட்டும் என்று என் மகள் தீர்ப்புச் சொன்னாள். நான் போனேன். நான் முதலில் கொடுத்த ப்ராசஸரை அதற்குள் விற்றுவிட்டார்கள். அதே ஜாதியில் புதிதாக வந்தது ஒன்று இருந்தது, அதை வாங்கிவந்தேன். உட்கார்ந்தது. சம்பந்தி, அது உட்கார்ந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மின்விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது. மெக்கானிக் விளக்கினார்: போர்டு கொஞ்சம் பழைய சரக்கு, இவ்வளவு புதிய ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியவில்லை, போர்டுக்குள் இருக்கும் புரோகிராமைப் புதுப்பித்தால் தெரிந்துகொள்ளும், ஆனால் இந்தப் போர்டில் அதைப் புதுப்பிக்க முதலில் ஒரு பழைய ப்ராசஸரை அதில் பொருத்தியாக வேண்டும். புதியதை வேலை செய்யவைக்கப் பழையது ஒன்று வேண்டுமென்றால், அந்தப் பழையதையே வைத்து வேலை செய்துவிட்டுப் போகலாமே என்று நான் கேட்டேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதில் செருகிக்கொண்டார்.

சரி என்று நான் மறுபடி கடைக்குப் போய் ஒரு படி பழைய ப்ராசஸராகப் பார்த்து மாற்றி, பையில் பூப்போல வைத்துக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் மேஜைமேல் ஒரு புத்தம்புதிய போர்டு. எதையும் தொட வேண்டாம் என்று மருமகள் சொன்னபிறகும், சம்பந்தி இவ்வளவு புதிய ப்ராசஸர் வாங்கியிருக்கும்போது நம் போர்டு பழசு என்று கெட்ட பெயர் வரலாமா என்று நினைத்து, ஆள் விட்டு அதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்ததிலேயே புதியதை வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். அதே கம்பெனிக்கான போர்டுதான், ஆனால் புது மாடலில் ஊசிகளைப் போர்டுக்கு மாற்றிவிட்டார்களாம்; தாங்கள் வாங்கிய புதிய போர்டில் ஊசிகள். நான் வாங்கிய பழைய ப்ராசஸரிலும் ஊசிகள். ஏன் சம்பந்தி, உங்களிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர் தினமும் ஓர் அளவு சொன்னால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

நேற்று நான் போனபோது என் மகள் வெறும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, பென்சிலால் ஒரு மாடிப்படியை வரைந்துகொண்டிருந்தாள். கைப்பழக்கம் விட்டுப்போகக் கூடாதாம். என்னைப் பார்த்துக் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. “ப்பா, உங்க ரெண்டு பேருக்கும் மரியாதை முக்கியம். எனக்கு திங்கக்கிழமை முக்கியம்” என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாம் இரண்டு பேரும் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அவளுடைய வேலையை விட்டுக்கொடுத்துவிடுவோம் போலிருக்கிறது.

ஆகவே அடியேன் கண்டிப்பாகத் தெரிவித்துக்கொள்வது: தாங்கள் போர்டை மாற்ற வேண்டாம். பார்க்கக்கூட வேண்டாம். கடை இருக்கும் தெரு வழியாகப் போகவும் வேண்டாம், சுற்றிப் போங்கள். மாற்றவேண்டியதை நான் மாற்றிக்கொள்கிறேன். இதில் தங்களுக்கு மனவருத்தம் என்றால் தாங்களே இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஏதாவது ஒன்றை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். மேலும் ஒன்று. இந்த விவகாரம் முடிந்தபின் அந்த வீட்டுக்கு நான் ஓர் ஆணிகூட வாங்கித் தருவதாக இல்லை. தாங்களும் வாங்க வேண்டாம். அவர்களுக்குக் கை கால் இருக்கிறது, சம்பாதிக்கிறார்கள், வேண்டியதை அவர்களே வாங்கிக்கொள்ளட்டும். இது என் உறுதியான முடிவு, இதில் மாற்றமில்லை.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், பால்கனியில் சிரித்ததையும் சேர்த்து. தாங்கள் கண்ணுக்கு மருந்து விடுவதை மறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பிலும் பொறுமையிலும் சாய்ந்திருக்கும் சம்பந்தி

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே கண்ட எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இப்போதுதான் மகள் போன் செய்தாள். காலையில் அவளே போர்டையும் ப்ராசஸரையும் கடைக்கு எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றோடொன்று பொருந்தும் ஜோடியாக வாங்கி, மெக்கானிக்கை வரவழைத்துப் பொருத்தியாயிற்றாம். திரை வந்துவிட்டது, மாடிப்படியை அதில் வரைந்தும் பார்த்துவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், உங்களுக்கும் இருக்கும். பிறகு அவள் இன்னொரு சேதி சொன்னாள். அதே நேரத்தில் அடுத்த அறையிலிருந்து மாப்பிள்ளை உங்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எந்த அப்பாவுக்கும் முந்தியும் பிந்தியும் தெரியக் கூடாது என்று அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆபரேஷன் ஆன கண், கசக்கிவிடாதீர்கள்.

கடைசியில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “தொட்டில் ஒருத்தர், மெத்தை ஒருத்தர்னு மட்டும் பிரிச்சுக்காதீங்கப்பா.” அவள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் மனதில் மெத்தையைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். நீங்கள் தொட்டிலைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மரச்சாமான் கடை வாசலுக்கு வாருங்கள். நானும் வருகிறேன். யார் முதலில் வந்தாலும், மற்றவர் வரும்வரை உள்ளே போகக் கூடாது.