பூச்சாடியில் பாம்பு கண்டவர்

படம் போட்ட பீங்கானைப் பார்த்தால் பூ வைக்க நினைப்பவர்கள் உண்டு, சோறு போட்டுத் தின்ன நினைப்பவர்கள் உண்டு. அதைக் கண்டதும் தொண்டையைச் செருமிக்கொள்ளும் இனமும் ஒன்று உண்டு. சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தெஜென்னில் அதன் முழு வளர்ச்சியடைந்த மாதிரி லுவோ ஷிமிங். தட்டில் மீன் இருந்தால் அவருக்கு அது மீன் இல்லை. அருவியைத் தாவி டிராகனாகப் போகிற மீன். கிண்ணத்தில் பீச் பழம் வரைந்திருந்தால், உள்ளே இருக்கும் சூப் ஆறி ஆடை கட்டும்வரை சாகாவரப் பழம் காய்க்கும் தேவலோகத் தோட்டத்தை விட்டு இறங்கமாட்டார். "நாம யாருங்கறதே இந்தக் களிமண்ல சுட்டு வச்ச கதைதாங்க" என்று முடிப்பார். முடித்துவிட்டாரா? அடுத்த தட்டு வரும்.

தங்கை மகள் பெய்லிங்கின் நிச்சயதார்த்தத்துக்கும் அவரை அழைத்துத் தொலைத்தார்கள். மாப்பிள்ளையின் தாய் ஓயாங் அம்மாள் பெரிய பூச்சாடி ஒன்றைச் சீர்வரிசையாகக் கொண்டுவந்து வைத்தாள். நீல நிறத்தில் மழை, பாலம், ஒரே குடையின் கீழ் ஓர் ஆணும் பெண்ணும். லுவோ எழுந்துவிட்டார்.

"அடடா, வெள்ளைப் பாம்புக் கதை! குடை கேக்கற சாக்குல மயக்கறா பாருங்க, அவ பொம்பளையே இல்ல, பாம்பு! கட்டிக்கப்போறவனுக்குத் தெரியாது, பாவம்!"

பெண்ணின் தாய் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே போட்டாள். "என் பொண்ணைப் பாம்புன்னு குத்திக்காட்டத்தான் இதைத் தூக்கிட்டு வந்தீங்களா, சம்பந்தி?"

"ஐயோ, எனக்கு அந்த நினைப்பே இல்லீங்க!"

பெய்லிங் குறுக்கிட்டாள். "மாமா, அது நான். பக்கத்துல நிக்கறது இவரு. நாங்க மொதல்ல சந்திச்சதே மழையில, பாலத்து மேல. அத்தை அதைச் சொல்லித்தான் வரைய வச்சாங்க. உக்காருங்க."

வேறொருவர் என்றால் உட்கார்ந்திருப்பார். லுவோ இரக்கத்தோடு புன்னகைத்தார். "உனக்குப் புரியலம்மா. உங்களை அந்தப் பாலத்துல கொண்டுபோய் நிறுத்துனதே அந்தக் கதைதான்."

கல்யாணம் எப்படியோ நடந்தது. சாடியும் பெய்லிங்கோடு மாப்பிள்ளை வீட்டுக் கூடத்துக்கு வந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "பாம்புச் சாடின்னாங்களே, இதுதானா?" என்று கேட்டார்கள். மருமகள் வைத்த சூப்பில் உப்புக் கூடினாலும் ஓயாங் அம்மாளின் பார்வை சாடிமேல் போய்வந்தது. "அந்த மனுஷன் அன்னைக்கே சொன்னாரு" என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டாள். பெய்லிங் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாள். மறுநாள் காலையில் அது மறுபடி கூடத்தைப் பார்த்து நின்றது.

இதைக் கேள்விப்பட்ட லுவோ தேநீர்க் கடையில் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, கதை எவ்வளவு ஆழமா வேலை செய்யுது!"

சிரிக்கிறீர்கள். அண்மையில் ஒரு வீட்டில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, "இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, தெரியுமா?" என்று ஆரம்பித்தீர்களே? அந்த வீட்டில் இப்போது யார் யாரோடு பேசுவதில்லை என்று விசாரித்துவிட்டு வாருங்கள். மிச்சச் சிரிப்பை அப்புறம் சிரிக்கலாம்.