ராட்டை வாத்தியாரின் ஏழாம் வாய்ப்பாடு

பிள்ளைகள் கையைக் கட்டி உட்கார்ந்தால் கோபம் வருகிற வாத்தியார் உலகத்திலேயே ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரிடம் படித்தவள் நான். மற்ற ஊர்களில் வாத்தியார்கள் "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்பார்கள். எங்கள் வாத்தியாரோ, "என்னாடி கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கே? சுத்து, சுத்து! கை நின்னா வாயும் நின்னுடும்!" என்று கூரை அதிரக் கத்துவார்.

அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். ராசிபுரத்தில் எங்கள் நெசவுக்காரத் தெருவில் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. ராட்டை வாத்தியார் என்றால் போதும். ஒல்லியான ஆள், கறுப்புக் கோட்டு. கோட்டுப் பை நிறையக் கோவை இலை. சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தால் அவருக்கு ஆகாது. ஆளுக்கு இரண்டு இலை கிள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் பாடத்தையே ஆரம்பிப்பார்.

இது சுதந்திரத்துக்குப் பதினைந்து வருஷம் முந்தைய கதை. அப்பா தறியில் உட்கார்ந்தால் பிள்ளைகள் தார் சுற்ற வேண்டும். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் ராட்டையால் நூலைச் சுற்றித் தருவதுதான் தார் சுற்றுவது. தார் இல்லாவிட்டால் தறி நின்றுவிடும். அதனால் எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்ததே தவிர, அதில் பிள்ளைகள் இல்லை. வாத்தியார் வந்து சேர்ந்த நாளில் மொத்தம் நாலு பேர். அதில் இரண்டு பேர் தூங்குவதற்காக வந்தவர்கள்.

வாத்தியார் வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பா தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "ஏனுங்க வாத்தியாரே, புள்ளை பள்ளிக்கொடம் வந்துட்டா தாரு யாருங்க சுத்தறது? நீங்களா?" என்றார்.

வாத்தியார் என் ராட்டையைப் பார்த்தார். "புள்ளையை ராட்டையோட அனுப்புங்க" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் இருபத்து மூன்று பிள்ளைகள், இருபது ராட்டைகள்! ராட்டை சுற்ற வயசு வராத மூன்று வாண்டுகள் மூலையில் மணலைப் பரப்பி 'அ' எழுதும். ஒரு வரிசை சிலேட்டில் எழுதும்போது இன்னொரு வரிசை தார் சுற்றும். வாய்ப்பாடு என்றால் மட்டும் எல்லோரும் ராட்டைக்கு வந்துவிட வேண்டும். ஒரு சுற்றுக்கு ஓரேழு ஏழு, அடுத்த சுற்றுக்கு ஈரேழு பதினாலு. சத்தம் சந்தைப்பேட்டை வரைக்கும் கேட்கும் என்பார்கள். எங்களுக்கோ பாட்டுப் பாடுகிற மாதிரி சுகமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷமான இரைச்சலை அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி வந்தது. வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. தார் சுற்றுகிற ராட்டைக்கும் கதர் நூல் நூற்கிற ராட்டைக்கும் வித்தியாசம் தெரிந்த அதிகாரி அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள்? சர்க்காருக்கு விரோதமாகப் பிள்ளைகளைத் தூண்டிவிட்டார் என்று வாத்தியாரைப் பிடித்து உள்ளே போட்டாலும் போடுவார்கள். இருபது ராட்டையையும் பக்கத்து மாட்டுக்கொட்டாயில் போட்டு மேலே வைக்கோலை மூடினோம். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கையைக் கட்டி உக்காருங்கடா. என் மானத்தைக் காப்பாத்துங்க" என்று வாத்தியார் எங்களைக் கெஞ்சினார்.

நாங்களும் கட்டினோம். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றார்.

ஒருத்தருக்கும் வரவில்லை! தொண்டை வரைக்கும் வருகிறது, அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. தினமும் முழங்குகிற இருபது வாயும் திறந்தபடியே நின்றது. வாத்தியார் பாவம், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது முதல் வரிசையில் என் வலது கை தானாகக் கட்டை அவிழ்த்துக்கொண்டு வெறும் காற்றில் சுற்ற ஆரம்பித்தது. "ஓரேழு ஏழு!" என்று கத்தினேன். அடுத்த நிமிஷம் இருபது கையும் காற்றில் சுற்றுகிறது, வாய்ப்பாடு மடை திறந்த மாதிரி வருகிறது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "என்னய்யா இது? பிள்ளைகளுக்கு ஏதாவது உடம்பா?"

"இல்லீங்க சார். தேகப்பயிற்சி சார். படிப்பும் பயிற்சியும் ஒண்ணா…"

இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷம். "பலே! யாரம்மா இந்தப் பயிற்சியைக் கத்துக்கொடுத்தது?" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் நாக்கில் சனி! "பயிற்சி இல்லீங்க சாமி, தார் சுத்தறோமுங்க! ராட்டையெல்லாம் மாட்டுக்கொட்டாயில வெச்சிருக்குதுங்க. காட்டட்டுங்களா?" என்றேன்.

காட்டியும் கொடுத்தேன். வாத்தியாரை ஜெயிலில் போடவில்லை, அந்த மட்டும் தெய்வம் காப்பாற்றியது. ஆனால் இனி ஒரு ராட்டையைக் கண்டாலும் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். மறுநாளே அப்பா என்னை நிறுத்திவிட்டார்; தெருவில் மற்ற வீடுகளிலும் அதே கதைதான். ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து நாள் பூராவும் அழுதேன். படிப்பு போச்சு, அதுவும் என் வாயாலேயே போச்சு.

மூன்றாம் நாள் விடிந்ததும் விடியாததுமாக வாத்தியார் வந்து நின்றார். "தாரு நீங்களா சுத்தறதுன்னு அன்னிக்குக் கேட்டீங்களே? நானே சுத்தறேன். புள்ளையை அனுப்புங்க" என்று கோட்டோடு ராட்டையின் முன் உட்கார்ந்துவிட்டார்.

அடடா, அவர் சுற்றிய அழகு! நூல் அறுந்தது, சிக்கியது, கோட்டுப் பொத்தானில் மாட்டிக்கொண்டது. அந்தத் தாரை நாடாவில் போட்டால் இரண்டு ஓட்டத்துக்குள் தறி நின்றது. அப்பா வாய்க்கு வந்தபடி திட்டினார். வாத்தியார் "நாளைக்குச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய், மறுநாள் இன்னும் மோசமாகச் சுற்றினார். ஆறாம் நாள் அப்பா கும்பிட்டே விட்டார். "ஐயோ வாத்தியாரே, போதுமுங்க! இவ பள்ளிக்கொடம் உட்டு வந்து சுத்தற தாரே போதும். நீங்க எந்திரிச்சுப் போங்க!"

வாத்தியார் அடுத்த வீட்டுக்குப் போனார். இப்படியே தெரு முழுக்க நூலைச் சிக்கலாக்கி, எங்கள் அத்தனை பேரையும் மீட்டுக்கொண்டு போனார். அடுத்த வருஷமே அவரை ஆத்தூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இன்ஸ்பெக்டரிடம் உளறியதற்காக ஒரு நாள்கூட அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை.

நான் வாத்தியாரம்மாவாக முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது, வாத்தியாருக்குத் தார் சுற்றத் தெரியாததால்தான் நான் படித்தேன் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"தெரியாதுன்னு யாரு சொன்னது? மொத நாளே அறுந்த நூலை அவரு முடிஞ்சதைப் பாத்தேன். ரெண்டே விரல்ல, பாக்காமயே முடிஞ்சாரு. தறி ஊட்ல பொறந்தவனுக்குத்தான் சாமி அந்த முடிச்சு வரும்."

"அப்புறம் ஏனுங்கப்பா திட்டினீங்க?"

"தெரிஞ்ச தொழிலைத் தெரியாதவனாட்டம், நம்ம புள்ளைக்கோசரம் ஒருத்தன் பேச்சு வாங்கிட்டு உக்காந்திருக்கறான். நானு திட்டாம சும்மா இருந்தா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவனுக்குச் சந்தேகம் வந்துருமல்லோ" என்றார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆத்தூருக்கு பஸ் ஏறினேன். அங்கிருந்தும் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு அவர் எதிரே வந்தால், "சார், நீங்க நல்லாவே சுத்துவீங்கன்னு எங்கப்பாவுக்குத் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுவேன்.