சீர்த் தட்டில் ஒரு ட்ரோன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு பொருளை வாங்கி வரச் சொன்னால் வாங்க மாட்டேன், ஆராய்ச்சி செய்வேன். எங்கள் வீட்டு மிக்ஸியை நான் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்க என் மனைவி மேகலா பக்கத்து வீட்டு மிக்ஸியில்தான் சட்னி அரைத்தாள். (“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் அரை மணி நேரத்துல தலையாட்டிட்டீங்களே” என்று இன்றைக்கும் கேட்பாள். இதற்குப் பதில் சொல்ல நான் என்ன பைத்தியமா?) ஆனால் ஒன்று, நான் தேர்ந்தெடுத்த பொருள் எதுவும் இதுவரை சோடை போனதில்லை. அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. அது என்னை ஒரு நாள் சபையில் எப்படி நிறுத்தியது என்று சொல்கிறேன்.

பிழைப்பையும் சொல்லிவிட வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு கண்ணாடிக் கடை. மூக்குக் கண்ணாடி. காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஊரார் கண்ணாடிகளைத் துடைத்துத் துடைத்துக் கொடுப்பதுதான் வேலை. என் சட்டைப் பையில் பேனா இல்லாமல் இருக்கலாம், கண்ணாடி துடைக்கும் துணி இல்லாமல் இருக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்.

என் தங்கை கலைச்செல்வியைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் மகள் யாழினிக்கு எட்டு வயதாகியும் காது குத்தியிருக்கவில்லை. முயற்சிக்குக் குறைச்சலில்லை. முதல் தடவை, ஊசியைப் பார்த்ததும் அவள் போட்ட கூச்சலில் காது குத்த வந்த பத்தருக்கே கை நடுங்கிப்போய், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார். இரண்டாம் தடவை, தாய்மாமன் என் மடியில் உட்கார்ந்திருந்தவள் மீன்குஞ்சு போல நழுவி ஓடினாள். கீழவீதி முனையில்தான் பிடித்தோம். அதற்குள் நல்ல நேரம் முடிந்திருந்தது.

மூன்றாம் தடவைக்கு மண்டபமே பிடித்துவிட்டார்கள். விழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது யாழினி எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, நீ எனக்கு ட்ரோன் வாங்கியாந்தா நான் ஓட மாட்டேன், உக்கார்றேன். ஆனா மொதல்ல அது பறக்கணும். அப்புறம்தான் காது.”

போனைப் பிடுங்கித் தங்கை பேசினாள். அவளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. அவள் புகுந்த வீட்டில் ஒரு பெரியப்பா இருக்கிறார், ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். தங்கை வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு நாங்கள் சீர் கொண்டுபோனபோது, “கடலூர் சீருல தட்டு ஜாஸ்தி, தட்டுல ஒண்ணும் இல்ல” என்று பந்தியிலேயே சொன்னவர். அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் குத்திக்காட்ட அந்த வீட்டில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

“இந்த வாட்டி அவுரு பேசக் கூடாதுண்ணே. எம் பொண்ணும் அழக் கூடாது. உன்னைத்தான் நம்பிகினு இருக்கேன்” என்றாள். எனக்கு நெஞ்சு புடைத்துவிட்டது. ஆராய்ச்சி செய்ய வேறு ஒரு பொருள் கிடைத்திருக்கிறதே!

நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். கடையில் கூட்டமில்லாத நேரமெல்லாம் ட்ரோன் வீடியோதான். கேமரா வைத்தது வேண்டாம் என்று முதலில் முடிவு செய்தேன். எனக்குக் கட்டுப்படியாகிற விலையில் வரும் கேமராவில் எடுத்தால் பெண்டாட்டியும் ஒன்றுதான், பீரோவும் ஒன்றுதான். இறக்கையைச் சுற்றிக் கூண்டு கட்டாயம் இருக்க வேண்டும், பிள்ளை விரல் போகக் கூடாது. உள்ளங்கையில் அடங்க வேண்டும், தலையில் விழுந்தாலும் வீங்கக் கூடாது. ஒரு பட்டனில் ஏற வேண்டும், ஒரு பட்டனில் இறங்க வேண்டும். ஒரு பேட்டரி ஏழெட்டு நிமிஷம்தான் தாங்கும் என்பதால் கூட இரண்டு பேட்டரி. உடைந்தால் மாற்ற உபரி இறக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழகாத கை ஓட்டினாலும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு அடிவயிற்றில் தரையைப் பார்க்கிற சென்சார் வேண்டும் என்று நோட்டில் எழுதி, சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன்.

கடைசியில் இதெல்லாம் உள்ள ஒரு சின்ன ட்ரோன், கையைக் கடிக்காத விலையில் மாட்டியது. ஆரஞ்சு நிறம். வீட்டுக் கூடத்தில் ஏற்றிப் பார்த்தேன். ஆணியடித்து மாட்டியதுபோல் அந்தரத்தில் நின்றது. மேகலாகூட, “பரவாயில்லயே” என்றாள். இந்தச் சொல் அவளிடமிருந்து வந்ததை நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்தேன். ஆனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த குறிப்புத் தாளை மட்டும் பிரிக்கவில்லை. மூன்று வாரம் படித்தவனுக்குத் தாள் எதற்கு?

இத்தோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் புதிதாக வண்டி என்று எது வந்தாலும் தெருப் பிள்ளையாருக்கு முன்னால் நிறுத்திப் பூசை போடாமல் ஓட்ட மாட்டோம். இதுவும் ஓடுகிற வண்டிதானே என்று ஊருக்குப் புறப்படும் காலையில் கோயிலுக்குக் கொண்டுபோனேன். சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். இதற்குச் சக்கரம் இல்லையென்று நாலு இறக்கைக்கு நாலு பழம் வைத்தேன். வண்டி ஏறிப் பழம் நசுங்க வேண்டும். இங்கே பழம்தான் வண்டியைவிடக் கனமாக இருந்தது. ஐயர் சந்தனக் கிண்ணத்தோடு வந்து திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பொட்டு எங்கே வைப்பது என்று என்னையே கேட்டார். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் வட்டமாக, கறுப்பாக, பளபளவென்று ஒரு சின்ன இடம். பொட்டு வைப்பதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது.

“இங்க வைங்க சாமி, நல்லா தாராளமா” என்றேன்.

தாராளமாகவே வைத்தார். மேலே குங்குமம். (நோட்டு என் கையில்தான் இருந்தது. சிவப்பு மைக் கோடும் அதில்தான் இருந்தது.)

சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். இருபத்தொரு தட்டு, மேளம், நாகசுரம். நடுத் தட்டில் வெற்றிலை பரப்பி, அதன் மேல் ஆரஞ்சு நிற ட்ரோன், பக்கத்தில் அதன் பெட்டி. மண்டபம் சின்னது. ஒரு கோடியில் மேடை, மறு கோடியில் டிபன் பந்தி. பந்தியின் முதல் இலையில் ஸ்ரீமுஷ்ணம் பெரியப்பா வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்து, பொங்கலுக்கும் இட்லிக்கும் நடுவில் கத்திரிக்காய் கொத்சைக் குளம் கட்டிக்கொண்டிருந்தார். யாழினி பட்டுப்பாவாடையில் மேடைமேல் காத்திருந்தாள். தட்டைப் பார்த்தவுடன் அவள் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பேசாமல் பறக்கவிட வேண்டியதுதானே? மேளக்காரரிடம் மைக்கை வாங்கினேன். இது எப்பேர்ப்பட்ட பொருள், இதைத் தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடு என்ன என்று விளக்கிவிட்டு, “இப்ப பாருங்க, ஆணியடிச்ச மாதிரி நிக்கும்” என்று முடித்தேன். பட்டனை அழுத்தினேன்.

ஏறியது. நிற்கவில்லை. மேடை மின்விசிறிக் காற்றில் தள்ளாடி, அப்படியே பந்தியைப் பார்த்து நகர ஆரம்பித்தது. நான் இடதுபக்கம் இழுத்தால் அது வலதுபக்கம் போனது. இறக்குகிற பட்டன் என்று நினைத்து அழுத்தினேன். அது குட்டிக்கரணம் அடிக்கிற பட்டன். பந்தியின் தலைக்கு மேலே ட்ரோன் ஒரு குட்டிக்கரணம் போட்டது. கூட்டம் கைதட்டியது, நான் வேண்டுமென்றே செய்வதாக நினைத்து. பதற்றத்தில் இன்னொரு தடவை அழுத்தினேன். இரண்டாவது கரணத்திலிருந்து அது மீளவில்லை. நேரே போய்ப் பெரியப்பாவின் கொத்சுக் குளத்தில் இறங்கியது. இறங்கியும் இறக்கை நிற்காமல் சுற்றி, கொத்சை எல்லாம் வாரி அவர் வெள்ளைச் சட்டைமேல் இறைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

நாகசுரம் நின்றது. பெரியப்பா கண்ணோரத்தில் தெறித்திருந்த கத்திரிக்காயை விரலால் எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். அவசரமே இல்லை அவருக்கு.

“கடலூர் சீரைத் தட்டுல வெச்சுக் குடுப்பாங்கன்னு பாத்தேன். எலையிலயே போட்டுட்டாங்க” என்றார்.

மண்டபமே சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, குனிந்து தாம்பூலத் தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தது. பத்தர் ஊசியை எடுத்து வைத்துவிட்டார், நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணிதான் இருந்தது. பறந்தால்தான் காது என்றவள் இப்போது ஓடப்போகிறாள் என்று நினைத்து, நான் போய் வாசலை மறித்து நின்றேன். தாய்மாமன் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று அதையாவது சொல்லட்டுமே.

யாழினி ஓடவில்லை. மேடையிலிருந்து இறங்கினாள். பந்திக்குப் போய், “ஸாரி தாத்தா” என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டு, இலையிலிருந்து ட்ரோனை எடுத்துக்கொண்டாள். தட்டிலிருந்த பெட்டியைத் திறந்து, நான் பிரிக்காத அந்தத் தாளைப் பிரித்து, விரல் வைத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். பெரியவர்கள் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் காதில் ஒன்றும் விழுந்ததாகத் தெரியவில்லை. பிறகு ட்ரோனைக் கவிழ்த்தாள்.

“மாமா, இங்க வா. இது என்னா?”

“சந்தனம்டா. பூசை போட்டது.”

“இதுதான் அதோட கண்ணு. இதை மறைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. கண்ணை மூடிட்டா அது எப்படி நிக்கும்?”

ஊர்க் கண்ணையெல்லாம் துடைத்துக் கொடுக்கிறவனிடம் எட்டு வயசுப் பிள்ளை கேட்ட கேள்வி இது. நான் தேர்ந்தெடுத்த ட்ரோன் சரியானதுதான். ட்ரோன் வாங்க என்னைத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு.

சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்தேன். சந்தனம், குங்குமம், கொத்சு மூன்றையும் துடைத்தேன். உடைந்த ஓர் இறக்கைக்கு உபரி இறக்கையை மாட்டினோம், பேட்டரியையும் மாற்றினோம். (உபரி வேண்டும் என்று எழுதியது நான்தான். அதையும் யாராவது சொல்ல வேண்டாமா?) யாழினி சுற்றிலும் பார்த்துவிட்டு, “ஃபேனை எல்லாம் நிறுத்துங்க” என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று எல்லோரும் முழித்தார்கள். கொத்சுச் சட்டையோடு எழுந்து போய்ச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக நிறுத்தியவர் ஸ்ரீமுஷ்ணம் பெரியப்பா.

அவள் பட்டனை அழுத்தினாள். ட்ரோன் ஏறி, மேடைக்கு நேராக ஓர் ஆள் உயரத்தில் நின்றது. ஆடவில்லை, அசையவில்லை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.

“குத்தச் சொல்லு மாமா. பேட்டரி தீந்துடும்.”

பத்தர் ஒரு காதில் குத்தினார். மறு காதிலும் குத்தினார். அவள் உடம்பு ஒருமுறை விறைத்தது, எனக்குத் தெரிந்தது. கண்ணை ட்ரோனிலிருந்து எடுக்கவில்லை. அது நின்ற இடத்திலேயே நின்றது, அவளும் அப்படியே இருந்தாள். அழுதது நான்தான். சத்தமாகவே அழுதேன். பிள்ளைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்த கலைச்செல்வி, என்னைப் பார்த்துவிட்டு எனக்குக் கொடுத்தாள்.

கூட்டம் கலையும்போது பெரியப்பா தங்கையிடம் வந்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று பக்கத்தில் போய் நின்றேன்.

“சட்டை போனா போவுது. இந்த மாதிரி ஒரு பொண்ணை நான் பாத்ததில்ல கலை. தட்டுல நெறயத்தான் வந்திருக்கு” என்றார். தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷமாகிறது. அன்று எடுத்த படம் என் கடையில் மாட்டியிருக்கிறது. பிள்ளை சிரிக்கிறாள், பின்னால் நான் மூக்கு சிவக்க அழுகிறேன். கண்ணாடி வாங்க வருகிறவர்கள், “காது குத்துனது யாருக்கு சார்?” என்று கேட்காமல் போவதில்லை. எங்கள் குடும்பத்தில் யார் புதுப் போன் வாங்கினாலும், பிரிட்ஜ் வாங்கினாலும், “சந்தனம் எங்க வெக்கிறதுன்னு கடலூரைக் கேட்டீங்களா?” என்பார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன், வேறு வழி?

ஆனால் புவனகிரியில் காது குத்து என்றாலும் மங்கலம்பேட்டையில் காது குத்து என்றாலும், சொந்தத்தில் பத்திரிகை வைக்கிறவர்கள் முதலில் கேட்பது, யாழினி வருவாளா என்பதைத்தான். போன மாதம் பெரியப்பாவின் கொள்ளுப்பேத்திக்கு. ஊசியைப் பார்த்து அலறிய அந்தக் குழந்தைக்கு எதிரே யாழினி அதே ஆரஞ்சு ட்ரோனோடு போய் உட்கார்ந்தாள். ஃபேனை நிறுத்தப் பெரியப்பாவே எழுந்தார். ஏற்றுவதற்கு முன்னால் அவள் என்னைத் தேடிக் கூப்பிட்டு, ட்ரோனைக் கவிழ்த்து நீட்டினாள்.

“தொடச்சுக் குடு மாமா.”

ரிமோட்டை இன்றுவரை என்னிடம் கொடுத்ததில்லை. ஆனால் அந்தக் கண்ணை என்னைத் தவிர வேறு யாரையும் துடைக்க விட்டதுமில்லை. சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, துணியை எடுத்து உதறி, நிதானமாகத் துடைத்துக் கொடுத்தேன்.