பின்கதவு ஓரத்து இடம்

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மைத்துனருக்கு, உன் அக்காவைக் கட்டிய பாவத்தைத் தவிர வேறு பாவம் அறியாத அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, என் முழங்கால், அவள் முழங்கால் ஆகிய நால்வரும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தைப் பற்றி நீயாக வாய் திறப்பதில்லை என்பதால், சௌக்கியம்தான் என்று நாங்களே முடிவு கட்டி வைத்திருக்கிறோம்.

விஷயம் வண்டி விஷயம். போன வாரம் தொலைபேசியில் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பெரிய ஜீப்பா, சின்ன ஜீப்பா? வண்டிப் பேச்சென்றால் சோறு தண்ணி மறந்து பேசுகிற ஆள் நீ. "நான் எங்கயும் வர்றதா இல்ல அத்தான். எனக்காகப் பெருசு வாங்காதீங்க. உங்க ரெண்டு பேருக்குச் சின்னதே போதும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். உன் மனைவி கண்ணை மூடியதிலிருந்து இந்த ஒரு வருஷமாக நீ வாசலைத் தாண்டுவதில்லை என்று உன் அக்கா தினமும் என்னிடம் புலம்புகிறாள், ஏதோ உன் செருப்பை நான் ஒளித்து வைத்திருப்பது போல. நீ வருவதானால் பெரியது, வராவிட்டால் சின்னது, அவ்வளவுதான் எங்கள் கணக்கு. நீ வரவில்லை. ஆகவே சின்னதை வாங்குவதென்று தீர்மானித்துவிட்டேன். அது எப்பேர்ப்பட்ட புத்திசாலித்தனமான தீர்மானம் என்று உனக்கு விளக்கத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அல்லது பேசவே மாட்டாய்.

இரண்டு வண்டியும் ஒரே பட்டறையில் நிற்கின்றன. மெக்கானிக்குக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'பொறுமை'. அவர் அவசரப்பட்டு ஒரு திருகாணியைக்கூடத் திருகியதில்லை. பெரியது, நாம் குடும்பத்தோடு சுற்றிய பழைய ஜீப்பின் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம். அதே நீளம், பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு, பின்கதவைச் சாத்தினால் அதே மாதிரி ஊரையே எழுப்புகிற சத்தம். சின்னதில் முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் இரண்டு பை உட்காரலாம். "பெருசு யானை சார், வாங்கிடலாம், தீனி போட்டு மாளாது. சின்னது பூனை. எங்க கொண்டுபோய் விட்டாலும் வீட்டுக்கு வந்துடும்" என்றார் பொறுமை. நான் அன்றைக்கு மதில் மேல் பூனையாக இருந்தேன். சரி, முதலில் யானையை ஓட்டிப் பார்த்துவிடுவோம் என்று எடுத்தேன்.

நீயே சொல்லு, வேலையில் இருந்த காலமெல்லாம் சாலை அளந்து சாப்பிட்டவன் நான். எந்தப் பாதையையும் நின்று பார்த்தே அகலம் சொல்லிவிடுவேன் என்று அலுவலகத்தில் எனக்கொரு பெயர் உண்டு. அப்படிப்பட்டவன் என் சொந்தத் தெருவில் மாட்டிக்கொண்டேன். எதிரே தண்ணீர் லாரி, பின்னால் ஸ்கூட்டர்கள், ஸ்டியரிங்கோ கல்லில் நார் உரிக்கிற கதை, திருப்பத் திருப்ப என் தோள்தான் திரும்புகிறது. "ரைட்ல ஒடிங்க", "லெஃப்ட்ல ஒடிங்க", "எதுக்கு சார் உங்களுக்கு இந்த வயசுல" என்று ஆளுக்கொரு யோசனை. உன் அக்கா உதவி செய்கிறேன் என்று இறங்கினாள். பின்னால் போகிற வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு "வாங்க, வாங்க, இன்னும் வாங்க" என்றாள். போனேன். தையற்காரர் கடைப் பலகை பம்பரில் வந்து தொங்கியது. அவர் கழுத்தில் டேப்போடு வெளியே வந்தார். சண்டை போடுவார் என்று பார்த்தால், டேப்பை எடுத்து வண்டியை அளந்தார், தெருவை அளந்தார், பிறகு துக்கம் விசாரிக்கிற குரலில், "பத்தாது சார். இந்தத் தெருவ எங்க பிரிச்சு எங்க தச்சாலும் அக்குள்ல பிடிக்கும்" என்றார். ஒரு தொழில்காரன் சொன்னால் இன்னொரு தொழில்காரன் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் பூனை. என்ன சொல்வது, ஊசிக்குள் நூல் போவது போலத் தெருவுக்குள் போனது, தையற்காரரே கடையிலிருந்து தலையாட்டினார். அதோடு உன் அக்கா விட்டிருக்கலாம். "தம்பி என்னிக்காவது மனசு மாறி வந்தா எங்க உக்காருவான், பாத்துடறேன்" என்று பின்னால் ஏறினாள். அதற்கு முன்சீட்டை மடக்க ஒரு கைப்பிடி இருக்கிறது. மடக்கினேன், ஏறினாள், சீட்டு நிமிர்ந்தது, கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. மோவாய் முழங்காலில் இடிக்க அவள் உள்ளே, நான் வெளியே. பொறுமையைக் கூப்பிட்டால் அவர் முதலில் கை கழுவினார், பிறகு கண்ணாடி போட்டார், பிறகு சீட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாக நலம் விசாரித்துக் கழற்ற ஆரம்பித்தார். ஜன்னல் வழியாக டீ கொடுத்தேன். திட்டப் போகிறாள் என்று தள்ளியே நின்றேன். அவள் திட்டவில்லை. டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு அந்த கேட் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

மறக்கிற கேட்டா அது? விடுமுறை விட்டால் போதும், வேலைக்காக நான் அளந்த மண்பாதைகளையெல்லாம் குடும்பத்துக்குக் காட்டுகிறேன் என்று உங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மேய்ச்சல் நிலம், மாடு வெளியே போகாமல் வழி நெடுக கேட். பின்கதவு ஓரத்தில் உட்காருகிறவன் இறங்கித் திறந்து, வண்டி போனதும் சாத்தி, ஓடி வந்து ஏற வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். அந்த இடம் உன்னுடையது. பிள்ளைகள் உன்னை 'கேட் மாமா' என்றார்கள். நான் ஒருநாளும் முழுதாக நிறுத்தியதில்லை. நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

உனக்குக் கல்யாணமான புதிது. நீ இறங்கினாய், திறந்தாய், சாத்தினாய். நான் என்ன நினைப்பில் இருந்தேனோ, போய்க்கொண்டே இருந்தேன். முன்னால் நானும் உன் அக்காவும் ஏதோ வாக்குவாதம், பின்னால் பிள்ளைகள் தூக்கம். உன் மனைவி மட்டும் நீ கையை ஆட்டி ஆட்டிச் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் வந்திருக்கிறாள். ஒரு மேடு ஏறி, ஒரு ஓடை கடந்து, நிழலில் நிறுத்தி உன் அக்கா பிளாஸ்கைத் திறந்து ஊற்றினால் ஒரு டம்ளர் டீ மிச்சம். "உன் புருஷன் எங்கம்மா?" என்றாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "கேட்லயே நிக்கிறாரு. உங்க வீட்டு வழக்கமா இருக்கும்னு பேசாம இருந்துட்டேன்" என்றது. நாங்கள் திரும்பி வந்தபோது நீ கேட்டைத் திறந்து வைத்து அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தாய். ஒரு கோபம் இல்லை. "டீ இருக்கா?" என்றுதான் கேட்டாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கேட்டிலும் உன் மனைவி பின்னாலிருந்து உரக்கச் சொல்லுவாள்: "அவரு ஏறிட்டாரு, போகலாம்." அந்தக் குரல் வராமல் நான் கியரில் கை வைத்ததில்லை. பூனைக்குள் உட்கார்ந்துகொண்டு உன் அக்கா அதை அப்படியே அவள் குரலில் சொல்லிக் காட்டினாள். பொறுமைகூட ஸ்பேனரை வைத்துவிட்டுக் கேட்டார். நான் கையோடு வந்த கைப்பிடியைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் மச்சான், ஞாபகத்துக்காக யாராவது யானை வாங்குவார்களா? பிள்ளைகள் ஆளுக்கொரு தேசத்தில். இரண்டு கிழங்களுக்கு எதிரும் புதிருமாகப் பெஞ்சு எதற்கு? பூனை குறைவாகக் குடிக்கும், சந்தில் நிற்கும், கைப்பிடியைப் பொறுமை ஒட்டவைத்துத் தருவார். நீ சொன்னதுதான் சரி. சின்னது போதும். உனக்கு இனி எங்களால் எந்தத் தொந்தரவும் இராது, நிம்மதியாக வீட்டிலேயே இரு.

உன் ஆயுளும் ஆரோக்கியமும் எங்கள் வண்டிகளைப் போலத் தள்ளத் தள்ள ஓடட்டும் என்று ஆசீர்வதிக்கும்,
அத்தான்.

பின்குறிப்பு: மேலே உள்ளது எதுவும் செல்லாது. இதை உறையில் போட்டுக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பினோம். வழியில் சின்ன வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிடலாம் என்று பட்டறையில் நின்றேன். "சின்னது" என்ற சொல் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பக்கத்தில் பார்த்தால் உன் அக்காவைக் காணோம். பெரியதன் பின்கதவைத் திறந்து, ஓரத்தில் உன் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அந்த முழங்காலோடு எப்படி ஏறினாள் என்று கேட்காதே. "தம்பிக்குக் கால் நீட்ட இடம் இருக்குங்க" என்றாள். பொறுமை என்னைப் பார்த்தார். நான் யானையைப் பார்த்தேன்.

வாங்கிய யானை தெருவுக்குள் வராது என்பதால் தெருமுனையில் நிற்கிறது. தையற்காரர் காவல். ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் வீட்டுக்கு வருகிறோம். நீ எங்கும் வர வேண்டாம், வருகிற வண்டிக்கு உன் வீட்டு கேட்டைத் திறந்துவிடு, அது உன் வேலைதானே. அதற்கு மேல் உன் இஷ்டம். 'அவன் ஏறிட்டான், போகலாம்' என்று சொல்லும் பொறுப்பை இனி உன் அக்கா ஏற்றுக்கொள்கிறாளாம். அவள் சொல்லாமல் நான் நகரமாட்டேன்.

இந்த ஒரு வருஷமாக உன்னைக் கேட்டிலேயே விட்டுவிட்டு நாங்கள் பாட்டுக்கு வந்துவிட்டோம், மச்சான். இப்போதுதான் பார்த்தோம். திரும்பி வருகிறோம். டீ இருக்கிறது.