கூழ் காய்ச்சிய பார்மசிஸ்ட்

ஒரு முழு முட்டாளைத் தயாரிக்க நான்கு ஆண்டுகள் பிடிக்கும். நான் ஒரு அரியர்கூட வைக்காமல் அந்தப் படிப்பை முடித்தவன். சான்றிதழில் மட்டும் பி.பார்ம் என்று மரியாதையாகப் போட்டிருந்தார்கள்.

வேலை கிடைத்தது ராமநாதபுரத்துக்கு வெளியே ஒரு சித்த மருந்துக் கம்பெனியில். கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, மாத்திரை அடிக்கும் மெஷின் ஒன்று, மாத்திரைகளை உருட்டி மேல்பூச்சு கொடுக்கும் உருளை ஒன்று, என்னையும் சேர்த்து ஆறு பேர். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதற்குள் ஊரில் எங்கள் அய்யா, மிளகாய்க் கொல்லையில் களை எடுப்பவர்களிடம்கூட, "எம்மவன் மருந்து கண்டுபிடிக்கிறான்" என்று சொல்லி வைத்துவிட்டார். (நான் அதுவரை கண்டுபிடித்தது, கொட்டகையில் எந்த ஃபேன் நன்றாகச் சுற்றும் என்பதை மட்டும்தான்.) நிரந்தரமாகாவிட்டால் அதே கொல்லைக்குத் திரும்பி, அதே ஆட்களோடு களை எடுக்க வேண்டும்.

மூன்றாவது மாதக் கடைசியில் முதலாளி கூப்பிட்டார். "தம்பி, நம்ம நிலவேம்பு மாத்திர கசக்குதுன்னு கடைக்காரக திருப்பி அனுப்புறாக. மேல ஒரு தோல் போட்டுக் குடுங்க. நாளைக்குச் சாம்பிள் போகணும்."

அந்தத் தோலுக்கான பொடியின் பெயர் ஹெச்.பி.எம்.சி. அது மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸைப் பக்குவம் செய்தது. தண்ணீரில் கரைத்து மாத்திரை மேல் தெளித்தால் மெல்லிய தோலாகக் காய்ந்து கசப்பை மறைத்துவிடும். மாட்டெலும்பு ஜெலட்டின் வேண்டாம் என்பவர்களுக்கு இதிலேயே கேப்ஸ்யூல் கூட்டையும் செய்கிறார்கள். இதையெல்லாம் பரீட்சையில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். பொடியைக் கண்ணால் பார்த்ததில்லை. பாடம் நடத்தியவரும் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

உருளையைக் கவனித்துக்கொண்டவள் செல்வி. என் வயதுதான், பத்தாவது வரை படித்தவள். பொடி மூட்டையில் ஒட்டியிருந்த தாளை அவள் படித்திருந்தாள்.

"சார், வெந்நியில கொஞ்சங் கொஞ்சமாத் தூவிக் கலக்கிட்டு, பெறகு பச்சத் தண்ணி ஊத்தணும்னு போட்டிருக்கு."

"எனக்குத் தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரிந்தது கேழ்வரகுக் கூழ். எங்கள் பக்கத்தில் பிறந்த எவனும் மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட மாட்டான். பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் அடுப்பில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கட்டி தட்டும், அம்மாவின் கரண்டி முதுகில் விழும். தாளை எழுதியவன் வாழ்நாளில் கூழ் குடித்திருக்க மாட்டான் என்று முடிவுகட்டி, ஒரு அண்டா பச்சைத் தண்ணீரில் மொத்தப் பொடியையும் ஒரே தட்டாகத் தட்டினேன்.

கட்டி கட்டியாக மிதந்தது. வெளியே வழவழப்பு, உள்ளே காய்ந்த பொடி. (அதற்குத் தொழிலில் 'மீன் கண்' என்றே பெயர் உண்டாம். கடற்கரை மாவட்டத்தில் பிறந்த எனக்கு இது தெரியவில்லை.) கொதித்தால் சரியாகிவிடும் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். வெள்ளை வெளேரென்று மாறிக் கெட்டியானது. தீயைக் கூட்டினேன். இன்னும் கெட்டியானது. கடைசியில் கரண்டி தானாக நின்றது.

"சார், அடுப்ப அமத்துங்க" என்றாள் செல்வி.

"கொதி பத்தல."

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, இட்லி சுடப் போறியா?"

யோக்கியன் என்றால் அந்த இடத்தில் தப்பை ஒப்புக்கொண்டிருப்பான். நான் நெஞ்சை நிமிர்த்தி, "பொடி கலப்படம் சார். உங்கள ஏமாத்திட்டாங்க" என்றேன். சொன்னதோடு விட்டேனா? இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி உரக்கப் படித்தும் காட்டினேன். முதலாளி போனை எடுத்து, பொடி விற்ற ஏஜெண்டைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

"சாயங்காலம் அந்தாளு வாரானாம். நீயே பேசு. நீ சொல்றது நெசம்னா நாளைக்கே ஒன்னய நெரந்தரமாக்கிர்றேன்."

நான் அண்டாவை மூடி, சணல் கயிறு கட்டி, ஒரு தாளில் 'சாட்சிப் பொருள், தொடாதே' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன். இரண்டு கரண்டி சோறு அதிகமாகவே சாப்பிட்டேன்.

ஏஜெண்ட் வந்தார். சாதுவான மனிதர். அவரை நிற்க வைத்தே தொழில் தர்மம், நோயாளியின் உயிர் என்று கால் மணி நேரம் பேசினேன். பிறகு மந்திரவாதி மாதிரி கயிற்றை அவிழ்த்து மூடியைத் தூக்கினேன்.

உள்ளே தெளிவாக, கொழகொழவென்று ஒரு கரைசல். கட்டி என்று தேடினால் நாலைந்து கிடைக்கும். அண்டாவின் அடி தெரிந்தது.

"இந்தப் பொடி சூட்டுல உறையும் சார், ஆறினாக் கரையும்" என்றார் ஏஜெண்ட். "அதான் இதோட கொணமே. மூட்டையிலயே எழுதியிருக்குமே?"

"யாரோ மாத்தி வச்சிருக்காங்க!" என்றேன். (ஆமாம், அதையும் சொன்னேன்.)

"கயிறு நீ கட்டுனது, கையெழுத்து நீ போட்டது" என்றார் முதலாளி. செல்வி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

அதே கரைசலை அவள்தான் வடிகட்டி மாத்திரைக்குத் தோல் போட்டாள். சாம்பிள் நேரத்துக்குப் போனது. என்னை மேலும் ஆறு மாதம் லேபிள் ஒட்டும் மேஜையில் உட்கார வைத்தார்கள். அய்யாவிடம் 'பேக்கிங் ஆராய்ச்சி' என்று சொன்னேன். அவர் அதையும் நம்பி ஊருக்குச் சொன்னார். அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

இந்தக் கதை வெளியே பரவாமல் இருக்க ஒரே வழி, சாட்சியைக் கல்யாணம் செய்துகொள்வதுதான் என்று கணக்குப் போட்டேன். என் மற்ற கணக்குகளைப் போலவே இதுவும் தப்பு. செல்வி கல்யாணமான வாரமே மாமியாருக்குச் சொன்னாள். நான் சாப்பிடப் போனதும் அண்டாவைக் கட்டு அவிழ்க்காமலேயே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி ஆறவைத்தது தான்தான் என்பதையும் அப்போதுதான் சொன்னாள். பிறகு அய்யாவுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு.

இப்போதும் கரண்ட் பில்லுக்கோ மகனின் மார்க்குக்கோ நான் வீட்டில் கத்த ஆரம்பித்தால், மகன் ஏதாவது எதிர்த்துப் பேச வாயெடுப்பான். மகள் தடுத்துவிடுவாள்.

"ஏலே, அடுப்ப அமத்து. மூடி வச்சிரு."

செல்வி சமையற்கட்டிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லுவாள்: "ஆறட்டும். தன்னால தண்ணியாயிருவாக."

பத்து நிமிடம் கழித்து நானே போய் டீ கேட்பேன்.