தொண்ணூற்றேழு புள்ளிச் சதம்

1998இல் கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு இடங்களில் விடிந்ததும் வரிசை நிற்கும். ஒன்று, தமிழர்கள் கட்டாயம் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்கு. மற்றது நாணயப் பேராசான் பூபாலசிங்கத்தின் படிக்கட்டில். பொலிஸ் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பேராசானின் வரிசையில் நின்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அங்கே கட்டணம் அதிகம், மரியாதையும் அதிகம்.

வெளிநாட்டுக்குத் தொலைபேசிக் கோல் எடுக்கும் கடை ஒன்றின் மேல்மாடியில் ‘சர்வதேச நாணய சக்தித் தரநிர்ணய நிலையம்’ இருந்தது. பழைய காசொன்றைக் கொடுத்தால் பேராசான் கண்ணை மூடுவார். நூலில் கட்டிய பளிங்குக் குண்டை அதன் மேல் ஆட்டுவார். பிறகு அதற்குள் விசா வாங்கித் தரும் சக்தி நூற்றுக்கு எத்தனை புள்ளி என்று அறிவிப்பார். சக்தி உள்ள காசு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போய்ச் சீல் வைக்கப்படும். பெட்டியின் மேல்பக்கம் முழுவதும் தங்கநிற லேபல், அதில் கொட்டை எழுத்தில் புள்ளி. காசைப் பார்க்க அடிப்பக்கத்தில் சின்னக் கண்ணாடி. அடிப்பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

தொண்ணூற்று மூன்று புள்ளிப் பெட்டியோடு போன இரத்மலானைக்காரர் ஒருவருக்குக் கனடா விசா கிடைத்தது. வெள்ளவத்தை முழுக்க அதே பேச்சு. தொண்ணூற்றைந்து புள்ளியோடு போய் விசா இல்லாமல் திரும்பிய பதினேழு பேரைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் பெட்டியை இடது பொக்கற்றில் வைத்துவிட்டார்களாம்.

கொட்டாஞ்சேனை புளோறன்ஸின் கணவன் றேமண்ட் ரொறன்ரோவில் இருந்தான். மூன்று வருடமாக அவளுக்கு விசா இழுபட்டது. அவள் பேராசானிடம் கொண்டுபோனது செத்துப்போன தகப்பனின் வெள்ளிக்காசு. 1821ஆம் ஆண்டு அடித்தது. ஒரு பக்கம் அரசன் தலை, மறுபக்கம் யானை. யானையின் தும்பிக்கை மடிப்புக்கூடத் தேயவில்லை.

பேராசான் குண்டை ஆட்டினார். “பன்னிரண்டு புள்ளி! யானை வாசலை மறிச்சுக்கொண்டு நிக்குது, பிள்ளை.” ஆனால் இரக்க சுபாவம் உள்ளவர். யானையைத் தன்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். சனிக்கிழமை வந்தால் அதற்குப் பதிலாகத் தொண்ணூற்றேழு புள்ளி உள்ள ஒரு சதக் காசு தருவாராம். அவளும் விட்டுவிட்டு வந்தாள்.

இதைக் கேட்டதும் தங்கை ஐறீனுக்குத் தலை சுற்றியது. கப்பல் கம்பனியொன்றில் தட்டெழுத்தாளர் அவள். அப்பா சேர்த்த பழைய காசுகளின் பட்டியலைத் தட்டியதும் அவள்தான்; யானைக்காசின் பெறுமதி அவளுக்குத் தெரியும்.

“அக்கா, அந்தச் சதத்தைப் பாத்தனியா?”

“லேபலைப் பாத்தனான். தொண்ணூற்றேழு.”

“நான் காசைக் கேக்கிறன்.”

“ஐயா சீல் வைச்சது ஐறீன்! கனடாவில இருந்தும் ஆக்கள் கேட்டு எழுதுகினமாம். அவரை விட உனக்குத் தெரியுமோ?”

 அடுத்த நாள் ஐறீன் அலுவலகத்தில் தன்னோடு வேலை செய்யும் றமீலாவிடம் போனாள். போன வருடம் கணவரின் சவூதி வேலைக்காக றமீலாவும் தொண்ணூற்றைந்து புள்ளிப் பெட்டி ஒன்று வாங்கியிருந்தாள். அவர் இன்னும் கொழும்புத் தெமட்டகொடையில்தான் இருந்தார்.

“கொண்டுபோங்க,” என்றாள் றமீலா. “ஃபேன் காத்துக்குப் பேப்பர் பறக்காம வெக்கத்தான் அது எனக்கு உதவுது.”

ஐறீன் சவர அலகால் சீலை நோகாமல் பிரித்தாள். உள்ளே இருந்தது தேய்ந்து வழுவழுத்த செப்புச் சதம். ஆண்டுகூட வாசிக்க முடியவில்லை. அதை எடுத்துவிட்டு, காலையில் பஸ் கொண்டக்டர் மிச்சமாகத் தந்த புத்தம் புது ஒரு ரூபாயை உள்ளே வைத்து, திரும்ப ஒட்டினாள்.

சனிக்கிழமை அக்காவோடு அவளும் படியேறினாள். வருடத்துக்கொருமுறை சக்தியைப் புதுப்பிக்கும் ஏற்பாடும் அங்கே இருந்தது, கட்டணம் தனி. ஐறீன் பெட்டியை நீட்டினாள். பேராசான் லேபலைப் பார்த்தார். கண்ணை மூடினார். குண்டு ஆடியது.

“இறங்கேல்லை! மூண்டு புள்ளி ஏறியிருக்கு! தொண்ணூற்றெட்டு!” கூட்டம் கைகூப்பியது. 

“எந்தக் காசு ஐயா இது?” ஐறீன் கேட்டாள்.

“விக்டோரியா மகாராணியின்ர செப்புச் சதம். ஆதி சக்தி!”

ஐறீன் பெட்டியைப் பிரட்டி, முன்னால் நின்றவரிடம் கொடுத்தாள். அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இது ஒரு ரூபா! அண்டைக்குக் கடையில பாண் வாங்கக் குடுத்த ரூபா மாதிரி!”

“சீலை உடைச்சிட்டா! சக்தி போயிட்டுது!” பேராசான் கத்தினார்.

“ஓம் ஐயா, உடைச்சனான். சக்தி போயிருந்தா மூண்டு புள்ளி எப்படி ஏறினது?”

 வரிசையில் பெட்டிகள் பிரளத் தொடங்கின. எல்லாம் தேய்ந்த சதம். ஒன்றில் சதமே இல்லை, இரும்பு வொஷர்.

“என்ர அப்பாவின்ர காசு எங்க?” புளோறன்ஸ் மேசைக்குப் பின்னால் போய் லாச்சியை இழுத்தாள். உள்ளே கடித உறைகள். ஒவ்வொன்றிலும் பத்துப் புள்ளி, பன்னிரண்டு புள்ளி என்று அவர் தள்ளிய காசுகள். உறைகளின் மேல் அவருடைய கையெழுத்து வேறு கதை சொன்னது. யானைக்காசின் உறையை அவள் உரக்க வாசித்தாள்: “வெள்ளி. 1821. தேய்மானம் இல்லை. முதல் தரம். லண்டன் சேகரிப்பாளருக்கு.”

காசைப் பார்த்துத் தரம் பிரிக்க அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. மற்றவர்களைத்தான் லேபலைப் பார்க்க வைத்தார்.

புளோறன்ஸ் யானையைக் கைக்குள் மூடிக்கொண்டு அழுதாள். “என்ன லூசு நான், ஐறீன்!” இதற்கிடையில் பேராசான் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிப் பின்படியால் இறங்கினார். அந்த ஒரு நாளாவது சொன்ன இடத்துக்குப் போயிருந்தால் பிடித்திருப்பார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் கூட்டம் கலையவில்லை. ஐறீனைச் சுற்றி மெதுவாக இன்னொரு வரிசை உண்டாயிற்று. முன்னால் ஒரு பெரியவர், செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியை நீட்டினார்.

“அப்ப பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ. இதுக்கு எத்தினை புள்ளி?”

ஐறீன் பெட்டியை உடைத்து, சதத்தை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். “செருப்பைப் போடுங்கோ ஐயா. இப்ப நீங்களே பாருங்கோ.”

அவர் யன்னல் வெளிச்சத்துக்குப் போய்ப் பிடித்துப் பார்த்தார். “தேஞ்ச சதம்,” என்றார், வெட்கத்தோடு.

அதைப் பார்க்க அவருக்கு அரை நிமிடம் போதும். அதற்கு முன் ஒரு வருடம் கும்பிட்டிருக்கிறார். சொந்தக் கண்ணால் பார்ப்பதற்கு யாரும் கட்டணம் வாங்குவதில்லை. அதனால்தானோ என்னவோ நம்மவர்களுக்கு அதில் இன்னும் நம்பிக்கை வரவில்லை.